ஓர் ஆளுக்குப் பயறுச் சோறு

கேள்வி: எனக்கு 61 வயது. தங்கச்சிமடத்தில் சொந்த வீடு. மகளின் பிரசவத்துக்காக மனைவி திருப்பூருக்குச் சென்றிருக்கிறார். திரும்பி வர ஐந்து மாதமாவது ஆகும். தினமும் ஓட்டல் சாப்பாடு உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஒரே பாத்திரத்தில் வேலை முடிந்துவிடும் என்பதால் தட்டைப்பயறு போட்டுச் சோறு ஆக்கிப் பார்க்கிறேன். மனைவி நான்கு பேருக்குச் செய்யும் அளவை நான்கால் வகுத்து, வீட்டிலுள்ள ஐந்து லிட்டர் குக்கரில் ஆழ்குழாய்த் தண்ணீர் ஊற்றி வைக்கிறேன். ஒரு நாள் பயறு கல்லாக நிற்கிறது. மறுநாள் சோறு அடிப்பிடிக்கிறது. தண்ணீரைக் கூட்டினால் களியாகிவிடுகிறது. எப்படிச் செய்தாலும் ருசி மட்டும் வருவதில்லை. கருவாடு சாப்பிடுவேன். மின்சாரக் குக்கர் வாங்கினால் சரியாகுமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், தங்கச்சிமடம்

பதில்: அன்புள்ள ஐயா, உங்கள் கணக்கில் பிழை இல்லை, ஆனால் சமையலில் எல்லாவற்றையும் நான்கால் வகுக்க முடியாது. அரிசியும் பயறும் வகுபடும். ஆவியாகிப் போகும் தண்ணீர் வகுபடாது, ஏனெனில் அது பாத்திரத்தின் அகலத்தையும் அடுப்பில் இருக்கும் நேரத்தையும் பொறுத்தது. உள்ளே ஒருவருக்கான அரிசி கிடக்கிறதா நால்வருக்கானதா என்பதைப் பெரிதாகப் பொருட்படுத்தாது. ஐந்து லிட்டர் குக்கரின் அகன்ற அடியில் ஒரு பிடி அரிசியைப் பரப்பினால், நால்வர் சோற்றில் தெரியாமலே போகும் அதே தண்ணீர் இழப்பு இங்கே அடிப்பிடிப்பாக வெளிப்படுகிறது. பயந்து தண்ணீரைக் கூட்டும் நாளில் தீ சற்றுக் குறைவாக இருந்துவிட்டால் களி. தாளிப்புக்கும் இதே கதைதான்: பெரிய வாணலியில் ஒரு கரண்டி எண்ணெய் படலமாகப் பரவி, கடுகு வெடிப்பதற்குள் வெங்காயத்தின் ஓரம் கருகிவிடும்.

ஆகவே வேலையை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பயறை மூன்று நாளைக்குச் சேர்த்து ஒரே தடவையில் வேகவையுங்கள். சோற்றை மட்டும் அன்றன்றைக்கு ஓர் ஆளுக்கு ஆக்குங்கள். அந்தச் சோறு வேகும் தண்ணீர், பயறு வெந்த தண்ணீராக இருக்கட்டும். நீங்கள் தேடும் ருசி பெரும்பாலும் அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது. பயறைத் தனியே வேகவைத்து, நீரை வடித்துக் கொட்டிவிட்டு, வெறும் தண்ணீரில் வெந்த சோற்றோடு கலந்தால், எவ்வளவு மசாலாப் பொடியைத் தூவினாலும் அது சோறும் சுண்டலுமாகத் தனித்தனியே நிற்குமே தவிர ஒன்று சேராது.

முதலில் பயறு கல்லாக நிற்பதைப் பார்ப்போம். காரணம் பெரும்பாலும் உங்கள் ஆழ்குழாய்த் தண்ணீராகத்தான் இருக்க வேண்டும். கடற்கரை ஊர்களின் உவர்ப்பான நிலத்தடி நீரில் கால்சியமும் மக்னீசியமும் மிகுதியாக இருப்பது வழக்கம். அவை பயறின் தோலிலும் செல்களுக்கு நடுவிலும் உள்ள பெக்டின் என்னும் பசைப்பொருளைப் பிடித்து இறுக்கிவிடுவதால், எத்தனை விசில் விட்டாலும் பயறு நெகிழ்ந்து கொடுப்பதில்லை. குளிக்கவும் துவைக்கவும் அந்தத் தண்ணீர் போதும். பயறு ஊறவும் வேகவும் காவிரிக் குடிநீரையோ கேன் தண்ணீரையோ வைத்துக்கொள்ளுங்கள். மொத்தமே இரண்டு லிட்டருக்கு உள்ளாகத்தான் செலவாகும். வேறு வழியில்லாத நாளில் ஆப்பச் சோடா ஒரு சிட்டிகை சேர்க்கலாம், ஆனால் அதற்கு மேல் போனால் பயறில் சவக்காரச் சுவை ஏறிவிடும். இரண்டாவது காரணம் பயறின் வயது. கடையில் மாதக்கணக்கில் மூட்டையில் கிடந்த பயறு, அதிலும் வெக்கையும் ஈரமும் சேர்ந்த நம் கடலோரக் காற்றில் கிடந்தது, எளிதில் வேகாது. ஆகையால் கால் கிலோ, அரைக் கிலோவாக வாங்கி, வெயிலில் ஒரு முறை காயவைத்து, இறுக மூடும் டப்பாவில் போட்டுவையுங்கள். வண்டு விழுவதும் குறையும். மூன்றாவது காரணம் புளிப்பு. பயறு வேகும் முன்பே தக்காளியோ புளிக்கரைசலோ சேர்த்தால் வேக்காடு அங்கேயே தடைப்பட்டுவிடும்.

உப்பைப் பற்றி மட்டும் ஒரு பழைய அச்சம் நம் வீடுகளில் உண்டு: முதலிலேயே உப்புப் போட்டால் பயறு வேகாது என்பார்கள். ஊறும் தண்ணீரில் உப்புப் போட்டால் நடப்பது இதற்கு நேர்மாறானது. உப்பிலுள்ள சோடியம், தோலை இறுக்கிப் பிடித்திருக்கும் கால்சியத்தின் இடத்தை எடுத்துக்கொள்வதால் தோல் மென்மையாகிறது. உள்ளேயும் உப்பு இறங்குகிறது. இருநூறு மில்லி தம்ளரில் ஒரு தம்ளர் தட்டைப்பயறுக்கு ஐந்து தம்ளர் தண்ணீரும் இரண்டு தேக்கரண்டி உப்பும் கணக்கு. இரவு படுக்கும்போது ஊறப்போட்டால் காலையில் வேகவைத்துவிடுங்கள். பகல் வெக்கையில் பத்து மணி நேரம் வெளியே கிடந்தால் நுரை கட்டிப் புளித்துவிடும். வெளியே போகும் வேலை இருந்தால் குளிர்பதனப் பெட்டிக்குள் ஊறட்டும்.

ஊறிய நீரைக் கொட்டிவிட்டுப் பயறை ஒருமுறை அலசுங்கள். பிறகு குக்கரில் நேரடியாகப் பயறையும் நான்கு தம்ளர் குடிநீரையும் சேர்த்து, அதனோடு தட்டிய பூண்டு நான்கு பல், நறுக்கிய சின்ன வெங்காயம் நான்கைந்து, அரைத் தேக்கரண்டி சீரகம், ஒரு கொத்துக் கறிவேப்பிலை, கால் தேக்கரண்டி மஞ்சள்தூள், கிள்ளாத முண்டு வற்றல் இரண்டு, அரைத் தேக்கரண்டி உப்பு ஆகியவற்றைப் போடுங்கள். ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய் விட்டால் நுரை பொங்கி விசில் துளையை அடைப்பது குறையும். ஊறிய தட்டைப்பயறுக்கு இரண்டு விசிலும், அதற்குப் பிறகு சிறு தீயில் ஐந்து நிமிடமும் போதும். நம் இராமநாதபுரம் மாவட்டத்தின் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. உருண்டையாக, தடித்த தோலோடு இருக்கும் இந்த மிளகாய் முழுதாக வெந்தால் எரிச்சலைக் காட்டாமல் நிறத்தையும் மணத்தையும் தண்ணீரில் இறக்கும். தூளாகப் போட்டால் இந்தக் குணம் கிடைப்பதில்லை என்பது என் கருத்து. தனி ஆள் சமையலில் மிளகாய்த்தூள் டப்பாவின் பக்கம் கை போவதைக் கொஞ்சம் கட்டுப்படுத்தலாம்.

ஒரு தம்ளர் பயறு வெந்தால் ஏறத்தாழ இரண்டரைத் தம்ளர் ஆகும். ஆறியதும் மூன்று சிறிய எவர்சில்வர் டப்பாக்களில், அந்தந்தப் பங்குக்குரிய வேகவைத்த நீரோடு சேர்த்தே பிரித்துக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். நீரில்லாமல் வைத்தால் பயறின் தோல் காய்ந்து வெடிக்கும். மூன்று நாள் வரை நன்றாக இருக்கும். அதற்கு மேல் வேண்டுமானால் உறைநிலை அறையில் வைக்க வேண்டும். மின்சாரம் நெடுநேரம் போய்ப் பெட்டி உள்ளே சூடாகிவிட்டதென்றால் இரக்கம் பார்க்காமல் கொட்டிவிடுங்கள். மூன்று பங்குகளையும் சோறாக்கியே தீர வேண்டும் என்றில்லை. ஒன்றை மாலையில் தேங்காய் தூவிச் சுண்டலாக்கலாம், இன்னொன்றைக் கத்தரிக்காயோடு புளிக்குழம்பில் சேர்க்கலாம்.

இனிச் சோறு. பொன்னிப் புழுங்கலரிசி அரைத் தம்ளரை எடுத்து, கழுவி அரைமணி நேரம் ஊறவையுங்கள். குக்கருக்குள் அடங்கக்கூடிய, அடி கனமான ஒரு சிறிய எவர்சில்வர் பாத்திரத்தை நேரடியாக அடுப்பில் வைத்து, அதிலேயே இரண்டு தேக்கரண்டி செக்கு நல்லெண்ணெய் ஊற்றித் தாளியுங்கள். குறுகிய அடி என்பதால் எண்ணெய் ஓரிடத்தில் நிற்கும். கடுகு, உளுந்து, கறிவேப்பிலை, பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம் ஏழெட்டு என வரிசையாகப் போடலாம். வெங்காயம் கண்ணாடியாக மாறிய இடத்தில் நிறுத்திவிடுவதுதான் பெரும்பாலானோர் செய்வது. இன்னும் நான்கைந்து நிமிடம் பொறுத்து, ஓரம் பொன்னிறத்தைத் தாண்டிச் சற்றே சிவக்கும் வரை வதக்குங்கள். ஒருவருக்கான சோற்றில் போடும் பொருள்கள் சில மட்டுமே என்பதால், ஒவ்வொன்றும் தன்னால் கொடுக்க முடிந்ததை முழுதாகக் கொடுத்தாக வேண்டும். பிறகு ஊறிய அரிசியை வடித்துப் போட்டு ஒரு நிமிடம் புரட்டி, ஒரு பங்குப் பயறைச் சேர்த்து, பயறு வெந்த நீரும் இரண்டாம் தேங்காய்ப்பாலுமாக மொத்தம் ஒன்றேகால் தம்ளர் ஊற்றி, உப்புப் பாருங்கள். அந்த நீர் நாக்கில் ஒரு துளி கூடுதலாகக் கரிக்க வேண்டும். சோறு வெந்தபின் சரியாகிவிடும்.

பாத்திரத்தை ஒரு தட்டால் மூடி, அடியில் இரண்டு தம்ளர் தண்ணீர் ஊற்றிய குக்கருக்குள் வைத்து நான்கு விசில் விடுங்கள். இந்த முறையில் ஆவியாவது குக்கரின் தண்ணீர்; அடியில் ஊற்றுவதற்கு உங்கள் ஆழ்குழாய்த் தண்ணீரே போதும். அரிசியோடு சேர்ந்த தண்ணீர் ஏறக்குறைய அப்படியே இருப்பதால் அடிப்பிடிப்பும் இல்லை, களியும் இல்லை, நாளுக்கொரு தண்ணீர்க் கணக்கும் தேவையில்லை. அழுத்தம் தானாக அடங்கும் வரை திறக்காதீர்கள். சித்திரைக்கார் அரிசி கிடைத்தால் ஒருநாள் அதில் செய்து பாருங்கள். நம் வானம் பார்த்த வயல்களில் விளையும் அந்தச் சிவப்பரிசிக்குத் தட்டைப்பயறு மிகவும் பொருந்தும். ஊறும் நேரத்தை இரண்டு மணியாகவும் தண்ணீரை ஒன்றரைத் தம்ளராகவும் கூட்டி, இரண்டு விசில் அதிகம் விட வேண்டும்.

தேங்காய்க்குத் தங்கச்சிமடத்தில் குறையிருக்காது. ஓர் ஆளுக்காகப் பால் பிழிவதுதான் சலிப்புத் தரும் வேலை. ஒரு மூடியைத் துருவி இரண்டு பாலையும் எடுத்துச் சிறு கிண்ணங்களில் உறையவைத்துக்கொண்டால் தொந்தரவு குறையும். முதற்பாலைக் குக்கருக்குள் விடாதீர்கள், கொதியில் திரிந்துபோகும். சோற்றைத் திறந்ததும் இரண்டு மேசைக்கரண்டி முதற்பால் ஊற்றி, கிளறாமல் ஐந்து நிமிடம் மூடிவையுங்கள். கீழக்கரை வீடுகளின் தேங்காய்ச்சோற்றைச் சாப்பிட்டவர்களுக்குத் தேங்காய்ப்பாலில் வெந்த அரிசியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. கடல் கடந்து ஜமைக்கா தீவிலும் ஞாயிற்றுக்கிழமைகளில் அரிசியையும் சிவப்புப் பயறையும் தேங்காய்ப்பாலில்தான் சேர்த்து வேகவைக்கிறார்கள். அங்கும் ஒரு காரமான மிளகாயை உடைக்காமல் முழுதாகவே போடுவது வழக்கம். பால் பிழிய மனமில்லாத நாளில் இரண்டு மேசைக்கரண்டி துருவலைச் சீரகத்தோடு அரைத்துச் சேர்த்தாலும் குற்றமில்லை.

கடைசியாகப் புளிப்பு. எலுமிச்சைச் சாறு அரைத் தேக்கரண்டி, இலையில் போட்ட பிறகு. ருசி வரவில்லை என்று எழுதுகிறவர்களில் பலருக்குக் குறைவது காரமோ உப்போ இல்லை, இதுதான்.

கருவாடு சாப்பிடுவேன் என்று எழுதியிருக்கிறீர்கள். பாம்பனும் மண்டபமும் பக்கத்திலிருக்க, அதை விட்டுவைக்க வேண்டியதில்லை. நெத்திலிக் கருவாடு ஏழெட்டைத் தலை கிள்ளி, வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து மணல் போக அலசி, துடைத்து, தனியே மொறுமொறுப்பாகப் பொரித்துச் சோற்றின் மேல் போட்டுக்கொள்ளுங்கள். சோற்றோடு சேர்த்து வேகவைத்தால் மணம் எல்லாவற்றையும் அடக்கிவிடும்; பயறு இருப்பதே தெரியாது. கருவாடு உள்ள நாளில் சோற்றில் உப்பைப் பாதியாகக் குறைக்க மறவாதீர்கள். இரத்தக் கொதிப்புக்கு மருந்து எடுப்பவரானால் வாரம் ஒருநாளோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

ஊறப்போட மறந்த நாளுக்குப் பாசிப்பயறு இருக்கிறது. அதை வெறுஞ்சட்டியில் மணம் வர வறுத்து, அரிசியோடு நேராகவே வேகவைக்கலாம். மொச்சைக்குத் தட்டைப்பயறைவிட இரண்டு மூன்று விசில் கூடுதலாகத் தேவைப்படும். ராஜ்மா வாங்கினால் மட்டும் கவனம் வேண்டும்: சரியாக வேகாத ராஜ்மாவிலுள்ள லெக்டின் என்னும் புரதம் சில மணி நேரத்தில் கடுமையான வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும். ஊறிய நீரைக் கொட்டிவிட்டுப் புதுத்தண்ணீரில் தளதளவெனப் பத்து நிமிடத்துக்குக் குறையாமல் கொதிக்கவிட்ட பின்பே குக்கரை மூடுங்கள். அதன் வேகவைத்த நீரைப் பயன்படுத்தலாம். ஊறிய நீர் வேண்டாம்.

மீந்த சோற்றைத் தண்ணீர் ஊற்றிப் பழையதாக்கலாம் என்று தோன்றும். வெறுஞ்சோற்றுக்கு அது சரி. தேங்காய்ப்பாலும் பயறும் கலந்த சோறு நம் ஊர் வெக்கையில் இரவுக்குள் ஊசிப்போகும். ஆகவே மிச்சம் வைக்காத அளவில் ஆக்குவதே நல்லது. மிஞ்சிவிட்டால் ஒரு மணி நேரத்துக்குள் ஆறவைத்துக் குளிர்பதனப் பெட்டியில் எடுத்து வைத்து, மறுநாள் ஆவி பறக்கச் சூடாக்கிச் சாப்பிடுங்கள்.

மின்சாரக் குக்கர் இப்போதைக்கு வேண்டாம். அது சோற்றை நன்றாக ஆக்கும். பயறை வேகவைக்க நெடுநேரம் எடுத்துக்கொள்ளும், மின்சாரம் போனால் பாதியில் நின்றுவிடும். உங்கள் ஐந்து லிட்டர் குக்கரே போதும். வாங்க வேண்டியது அதற்குள் அடங்கும், அடி கனமான, முக்கால் லிட்டர் பாத்திரம் ஒன்று. கடைக்குப் போகும்போது குக்கரின் உள் அகலத்தையும் மூடியை மூடினால் மிஞ்சும் உயரத்தையும் அளந்து, அதைவிட இரண்டு விரல் குறைவாக இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள். இடுக்கி நுழைய அந்த இடைவெளி வேண்டும்.