இரண்டு நாளில் ஏற்பு, உடனே கட்டணம்: கட்டலாமா?

கட்டாதீர்கள். கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகளின் நடைமுறை மூலதனம் பற்றிய உங்கள் ஆய்வுக் கட்டுரையை ஓர் ஆய்விதழ் இரண்டே நாளில் ஏற்று, மதிப்பாய்வுக் குறிப்பு ஒன்றுகூட இல்லாமல் வெளியிடப் பணம் கேட்கிறது என்றால், அதை யாரும் படிக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

இதழ்களுக்குத் தரப்படும் ஐஎஸ்எஸ்என் (ISSN) வெறும் அடையாள எண், தரச்சான்று அல்ல. பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) ஏற்ற ஆய்விதழ்களின் யுஜிசி-கேர் பட்டியலைக் காட்டினாலும் மயங்காதீர்கள்; அதை 2025-இல் யுஜிசியே கைவிட்டுவிட்டது. யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய ஆய்விதழ்களின் பட்டியலான டிஓஏஜே (DOAJ) தளத்தில் இதழின் பெயரோடு ஐஎஸ்எஸ்என் எண்ணையும் போட்டுத் தேடுங்கள். நல்ல இதழின் பெயரை அப்படியே சூட்டிக்கொள்ளும் போலிகள் உண்டு.

கட்டணம் வாங்குவதாலேயே ஓர் இதழ் மோசமாகிவிடாது; தொகையை முன்பே தளத்தில் சொல்லியிருக்க வேண்டும்.

அப்புறம், கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக மின்னஞ்சல் அனுப்பி, அவர்கள் ஒப்புக்கொண்ட பிறகே வேறு இதழுக்கு அனுப்புங்கள். ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருந்தால் பழி உங்கள் மேல்தான் விழும்.