அலெக்சாண்டர் வேஷம் போட்ட பாதிரியார்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் இங்கிலாந்தில் வசிக்கிறேன். எங்கள் ஊர் அமெச்சூர் நாடகக் குழு ஷேக்ஸ்பியரின் ‘லவ்ஸ் லேபர்ஸ் லாஸ்ட்’ போடுகிறது. எனக்குக் கிடைத்தது பாதிரியார் நத்தானியேல் வேஷம். வசனம் குறைவு, அதிலும் பாதி பள்ளிக்கூட வாத்தியாருக்கு ஆமாம் போடுவது. குரலை மாற்றியும் தடுமாறி நடந்தும் பார்த்தேன். இயக்குநர் வேண்டாம் என்கிறார். பிறகு எப்படித்தான் சிரிக்கவைப்பது?

எம்.

அன்புள்ள எம்.,

இயக்குநர் சொல்வதுதான் சரி. ‘மெர்ரி வைவ்ஸ் ஆஃப் வின்ட்சர்’ நாடகத்தில் வரும் பாதிரியார் ஹ்யூ எவன்ஸுக்கு வேல்ஸ்காரரின் உச்சரிப்பு இருக்கிறது, வாயைத் திறந்தாலே சிரிப்பு. நத்தானியேலுக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. அவரிடம் இருப்பது வாத்தியார் ஹோலோஃபெர்னிஸ் மேல் உள்ள பக்தி மட்டும்தான்.

ஐந்தாம் அங்கத்தின் தொடக்கத்தில் வாத்தியார், பகட்டாகப் பேசும் ஸ்பானியர் அர்மாடோவைப் பற்றி ஓர் அபூர்வமான அடைமொழியை எடுத்துவிடுகிறார். நத்தானியேல் வியந்துபோய் நோட்டுப்புத்தகத்தை எடுக்கிறார். 1598இல் அச்சான பிரதியிலேயே இதற்கு மேடைக்குறிப்பு உண்டு. உங்கள் சிரிப்பு அங்கேதான் இருக்கிறது. அவசரப்படாதீர்கள். அங்கிக்குள் துழாவுங்கள், நோட்டை எடுங்கள், பக்கத்தைத் தேடுங்கள், எழுதி முடிக்கும்வரை வாத்தியார் காத்திருக்கட்டும். ‘பார், காமெடி செய்கிறேன்’ என்று ஒரு கண் சபையின் பக்கம் போனால் காரியம் கெட்டது.

ஆமாம் போடுவது மட்டும்தான் என்கிறீர்கள். கான்ஸ்டபிள் டல் காகிதம் தின்றதில்லை, மை குடித்ததில்லை (அதாவது படிப்பு வாசனையே இல்லை) என்று சொல்வது யார்? அது முழுக்க உங்களுடையது. இளக்காரம் வேண்டாம், டல்லுக்காக நிஜமாகவே பரிதாபப்படுங்கள்.

கஷ்டமான இடம் அலெக்சாண்டர். அரசவையின் முன் வாத்தியாரும் கூட்டாளிகளும் பழங்கால மாவீரர்களாக வேஷம் போட்டு ஒரு காட்சி நடத்துகிறார்கள், உலகை வென்றவர் நம் பாதிரியார். ‘உலகில் நான் வாழ்ந்தபோது உலகுக்கே தளபதி’ என்று தொடங்கி மூன்று வரி சொல்வதற்குள் பிரபுக்கள் அவர் மூக்கைக் கேலி செய்கிறார்கள்: மூக்கு நேராக நிற்கிறதே, நீ அலெக்சாண்டர் இல்லை என்று அந்த மூக்கே மோப்பம் பிடித்துச் சொல்கிறதே என்று. (அலெக்சாண்டரின் கழுத்து ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், உடம்பில் நறுமணம் வீசும் என்று புளூட்டார்க் எழுதியிருப்பதை வைத்து வந்த கேலி. படித்தவர்களின் குசும்பு.) இளவரசி மட்டும் ‘மேலே சொல்லுங்கள்’ என்கிறாள். மறுபடியும் அதே முதல் வரி. அதோடு சரி, குறுக்கே விழுந்துவிடுகிறார்கள். இந்த இரண்டாம் தடவையை முதல் தடவையைவிடச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். உள்ளுக்குள் பயந்தவர் அப்படித்தான் சொல்வார்.

அவர் ஒதுங்கியதும் காஸ்டார்ட் பேசுகிறான்: அசட்டு மனுஷர், சாது, நல்லவர், அருமையான அண்டைவீட்டுக்காரர், பந்து உருட்டுவதில் கெட்டிக்காரர் (கிரிக்கெட் அல்ல, புல்தரையில் உருட்டும் ஆட்டம்), ஆனால் அலெக்சாண்டர் வேஷம் அவருக்குக் கொஞ்சம் கூடிப்போச்சு. என்னைக் கேட்டால் நாடகத்திலேயே கனிவான பேச்சு இதுதான். அத்தனை பிரபுக்கள் இருக்க, ஒரு பட்டிக்காட்டான் வாயிலிருந்து வருகிறது. இது எடுபட வேண்டுமானால் அதற்கு முன்பே நீங்கள் அந்த நல்ல மனுஷராக மேடையில் இருந்திருக்க வேண்டும். கோணங்கித்தனம் செய்திருந்தால் காஸ்டார்ட் யாரைப் பற்றிச் சொல்கிறான் என்றே சபைக்குப் புரியாது.

அப்புறம் கடைசிப் பாட்டு. ஆந்தையையும் குயிலையும் புகழ்ந்து ‘இரண்டு அறிஞர்கள்’ இயற்றியது என்று அர்மாடோ அறிவிக்கிறார். அந்த இருவர் வாத்தியாரும் நீங்களும் என்றே நான் எடுத்துக்கொள்வேன். குளிர்காலப் பகுதியில், இருமல் சத்தத்தில் பாதிரியாரின் பிரசங்கம் மூழ்கிப்போவதாக ஒரு வரி வரும். எழுதியவரே பாதிரியார்! அந்த வரி வரும்போது உங்கள் முகம் சபைக்குத் தெரிய வேண்டும். எங்கே நிற்கப்போகிறீர்கள் என்று இயக்குநரிடம் இப்போதே கேட்டுவையுங்கள். தூணுக்குப் பின்னால் என்றால் சண்டை போடுங்கள்.