மேரேஜ் லைன்ஸ்: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

'ஃபால்ட்டி டவர்ஸ்' என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைத் தொடர் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, அதில் ஓட்டல்காரரின் மனைவி சிபிலாக வரும் ப்ரூனெல்லா ஸ்கேல்ஸ் அதற்கு முன்பு நடித்த 'மேரேஜ் லைன்ஸ்' தொடரைத் தேடிப் பார்த்தேன். ஏமாற்றம்தான். ஒரு சின்ன ஃபிளாட், புதிதாகக் கல்யாணமான இரண்டு பேர், எந்நேரமும் காசுச் சண்டை. அவன் பப்புக்குப் போய்விடுகிறான், அவள் வீட்டில் காத்திருக்கிறாள். இன்றைக்கு ஒரு பெண் இதை ஏன் பார்க்க வேண்டும்?

எஸ்., மதுரை

அன்புள்ள எஸ்.,

அந்தக் காசுச் சண்டைக்காகவே பார்க்க வேண்டும் என்பேன்.

பிபிசியில் 1963 முதல் 1966 வரை வந்த தொடர் அது. எழுதியவர் ரிச்சர்ட் வாரிங். ஜார்ஜ் ஸ்டார்லிங் சொற்பச் சம்பளக் குமாஸ்தா. அவன் மனைவி கேட் (ஸ்கேல்ஸ்) கல்யாணத்துக்கு முன் செக்ரட்டரியாக இருந்தவள். லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட்டில் குடித்தனம். மேலோட்டமாகப் பார்த்தால் நீங்கள் சொன்ன அளவுதான் கதை.

ஆனால் அன்றைய இங்கிலாந்தில் அந்தப் பணம் யாருடையது என்று பாருங்கள். கணவன் தன் சம்பளத்திலிருந்து வீட்டுச் செலவுக்கென்று மனைவி கையில் ஒரு தொகை கொடுப்பான். அவள் சிக்கனமாக இருந்து அதில் மிச்சம் பிடித்தால், சட்டப்படி அந்த மிச்சமும் கணவனுக்கே சொந்தம். 1943இல் ஒரு பெண் அப்படிக் கூட்டுறவுச் சங்கத்தில் சேர்த்துவைத்த நூற்றுச் சொச்சம் பவுண்டை, அது கணவனின் பணம் என்று நீதிமன்றமே சொல்லிவிட்டது. 1964இல்தான் திருமணமான பெண்களின் சொத்துச் சட்டம் வந்து, மிச்சத்தில் இருவருக்கும் சரிபாதி என்றது. தொடர் தொடங்கியது அதற்கு முந்தைய வருடம். கேட் சிறுவாடு சேர்த்திருந்தால் அதில் ஒரு ஷில்லிங்கூட அவளுடையதில்லை. அப்படிப்பட்டவள் கணவனுக்குச் சரிக்குச் சரி நின்று வாதாடுகிறாள் என்பது எனக்குச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை. சண்டை காசைப் பற்றி வராமல் வேறு எதைப் பற்றி வரும்?

சிபிலை எதிர்பார்த்துக்கொண்டு போனதும் உங்கள் ஏமாற்றத்துக்கு ஒரு காரணமாக இருக்கலாம். சிபில் பன்னிரண்டு வருடம் கழித்து வந்தவள். கணவன் திருந்துவான் என்ற நினைப்பையே விட்டுவிட்டவள். கேட் இன்னும் விடவில்லை. ஜார்ஜாக வரும் ரிச்சர்ட் பிரையர்ஸ் மூச்சுவிடாமல் படபடவென்று பேசுவார். அந்த நேரத்தில் ஸ்கேல்ஸின் முகத்தைப் பாருங்கள். கோபம், பாசம், 'இவனை என்ன செய்வது' என்ற யோசனை எல்லாம் அதில் வந்து போகும். பெரிய நடிப்பு அது. அதைச் சொல்லாமல் அந்தத் தொடரைத் தள்ளிவிட என்னால் முடியாது.

பப் காட்சிகள் எனக்கும் சலிப்புத்தான். அதில் உங்களோடு சண்டையில்லை.

அப்புறம் ஒன்று. சிட்காம்களில் பெரும்பாலும் அடுத்த வாரம் எல்லாம் பழைய இடத்துக்கே வந்து நிற்கும். இதில் காலம் நகர்கிறது. அவர்களுக்குப் பெண் குழந்தை பிறக்கிறது. வேலைக்காக நைஜீரியாவின் லாகோஸுக்குக் கிளம்புகிறார்கள். அதோடு முடிந்துபோயிருக்க வேண்டிய கதை, 1966இல் இன்னொரு சீசனாகத் திரும்பி வந்தது. முதல் சில பகுதிகளோடு நிறுத்தினால் கேட்டின் கல்யாணத்தில் தொடக்கத்தை மட்டும்தான் பார்த்திருப்பீர்கள்.

நிஜத்தில் ஸ்கேல்ஸுக்கும் நடிகர் திமோதி வெஸ்டுக்கும் கல்யாணமானது அதே 1963இல்தான். வெஸ்ட் 2024இல் இறக்கும்வரை சேர்ந்தே வாழ்ந்தார்கள். 2014 முதல் சேனல் ஃபோரில் 'கிரேட் கெனால் ஜர்னீஸ்' என்று ஒரு தொடர் வந்தது. இருவரும் கால்வாய்களில் படகு ஓட்டிப் போகும் பயணத் தொடர். அப்போது ஸ்கேல்ஸுக்கு மறதி நோய் தொடங்கிவிட்டது. அதை மறைக்காமல் பேசிக்கொண்டே போகிறார்கள். கிடைத்தால் 'மேரேஜ் லைன்ஸ்' பார்த்த கையோடு அதையும் பாருங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்