தனியார் கிளப்பில் மெம்பர்கள் மட்டும் காசு வைத்துச் சீட்டாடினால் மலேசியாவில் குற்றமா?

குற்றம்தான். உங்கள் கிளப்பிலும் யாரோ ஒரு பெரிய மனுசன் "வெளியாளு யாரும் இல்லையே, மாத்தா (போலீஸ்) வந்தா என்ன செய்ய முடியும்?" என்று சொல்லியிருப்பார். எங்களிடமும் ஒருத்தர் சொன்னார்.

1953ஆம் வருசத்துச் சூதாட்ட விடுதிச் சட்டத்தில், வாடிக்கையாகச் சூதாட வைத்திருக்கிற இடம் என்றாலே போதும். வெளியாள் வரலாமா வரக்கூடாதா என்பது கணக்கே இல்லை. நடத்தினவனுக்கு 5,000 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்டைத்தான் வெள்ளி என்போம்) 50,000 வரை அபராதம், மூன்று வருசம் வரை சிறையும் உண்டு. ஆடினவனுக்கு 5,000 வெள்ளி வரை, அல்லது ஆறு மாதம் வரை உள்ளே, இல்லை இரண்டும். ரெய்டில் அகப்பட்டால், வேடிக்கை பார்த்தவனும் ஆடினவன்தான். இல்லை என்று அவன்தான் நிரூபிக்க வேண்டும்.

பேராக்கில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டின சின்னப் பட்டணம் எங்களுடையது. கிளப் பதிவு செய்தது, சர்டிபிகேட்டைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தோம். சம்பளம் போட்ட சனிக்கிழமை ராத்திரி ரம்மி. ஆட்டத்துக்கு ஒரு வெள்ளி மைலோ டின்னில் விழும், கரண்டு பில்லுக்கு. ரெய்டு வந்தபோது அந்த டின்தான் எங்களைக் கவிழ்த்தது. காசு எடுத்தால் கிளப் நடத்துகிறது என்றுதானே அர்த்தம்?

நான் சீட்டைத் தொடவே இல்லை. கணக்கு நோட்டு மட்டும் எழுதினேன். "கணக்கு எழுதினவன் யோக்கியனா?" என்று கமெண்டில் கேட்க வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று அவர்கள்தான் கூப்பிட்டார்கள். கெந்திங் மலை கேசினோவில் லைசென்சோடு 1971லிருந்து ஆடுகிறார்கள், அங்கேயும் கணக்குப்பிள்ளை இருப்பான்தானே?

செயலாளர் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினார். என்னை ஒரு ராத்திரி லாக்கப்பில் வைத்து, வாக்குமூலம் வாங்கிக்கொண்டு விட்டார்கள். ஜாமீனுக்கு வந்த மச்சான் இன்றைக்கும் தீபாவளிக்குத் தீபாவளி அதைச் சொல்லிக்காட்டாமல் சாப்பாட்டில் கை வைக்க மாட்டார். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்த நோட்டின் பின்பக்கத்தில்தான் மாரியம்மன் கோயில் திருவிழா வசூலையும் எழுதி வைத்திருந்தேன். நோட்டு சாட்சியாகப் போனது, திரும்பி வரவே இல்லை. 340 வெள்ளி இடிக்கிறது என்று கோயில் கமிட்டி என்னைப் பொருளாளர் பொறுப்பிலிருந்து எடுத்துவிட்டது. அதில் 200 பந்தல்காரருக்குக் கொடுத்த முன்பணம். ஏழாம் பக்கத்தில் அவருடைய கையெழுத்தோடு இருக்கிறது.