முதல் ஸ்போர்ட்ஸ் பைக்: எடுத்த எடுப்பில் 600 சிசி வேண்டுமா?

பைக் கேள்விகள் எக்கச்சக்கமாகச் சேர்ந்துவிட்டன. பாதிக்கு மேல் ஒரே கேள்வி, வேறு வேறு கையெழுத்தில். அதனால் இந்த முறை ஸ்போர்ட்ஸ் பைக் மட்டும்.

கேள்வி: அண்ணா, எனக்கு 19 வயது. இரண்டு வருஷமாக வீட்டில் இருக்கும் 125 சிசி வண்டியைத்தான் ஓட்டுகிறேன். சேர்த்த பணத்தில் பழைய யமஹா ஆர்6 ஒன்று எடுக்கலாம் என்று பார்க்கிறேன். "சின்ன வண்டி ஆறு மாசத்தில் அலுத்துவிடும், எடுக்கும்போதே பெரிசாக எடு, மெதுவாக ஓட்டிக்கொள்" என்கிறார்கள் நண்பர்கள். சரிதானே?

வேண்டாம் தம்பி.

மெதுவாக ஓட்டிக்கொள்வீர்கள் என்பதை நான் நம்புகிறேன், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் நீங்கள் நினைத்துச் செய்கிற காரியத்தைப் பற்றி எனக்குக் கவலை இல்லை, நினைக்காமல் உங்கள் வலது கை செய்கிற காரியத்தைப் பற்றித்தான் கவலை. ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்குகிறது, உடம்பு பின்னால் போகிறது, கை பிடியை இறுக்குகிறது, மணிக்கட்டு கீழே இறங்குகிறது. அவ்வளவுதான், ஆக்சிலேட்டர் ஒரு விரல் அகலம் திறந்துவிட்டது. 125-ல் இப்படி நடந்தால் வண்டி கொஞ்சம் உறுமும், நீங்கள் சுதாரித்துக்கொள்வீர்கள். ஆர்6 என்பது 599 சிசி, நாலு சிலிண்டர், ஏறக்குறைய 120 ஹெச்பி, எடை 190 கிலோ பக்கம். முதல் கியரிலேயே மணிக்கு 100 கிலோமீட்டரைத் தொடும். இதில் ஒரு ஏமாற்று வேலையும் உண்டு: குறைந்த ஆர்பிஎம்மில், அதாவது எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது, அது பரம சாது. வாங்கின முதல் வாரம் "இதுக்கா இவ்வளவு பயமுறுத்தினாங்க" என்று தோன்றும். 10,000 ஆர்பிஎம் தாண்டினால்தான் அதன் சுயரூபம் தெரியும், அது தெரியவருகிற இடம் ஒரு வளைவின் நடுவாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

பிரேக்கும் அப்படித்தான். இரண்டு விரலில் மெதுவாகத் தொட்டாலே கடிக்கிற பிரேக் அது. புதிதாக ஓட்டுகிறவர் பதறினால் நாலு விரலாலும் ஒரே பிடியாகப் பிடிப்பார், முன் சக்கரம் பூட்டிக்கொள்ளும், அடுத்த நொடி தரையில் இருப்பார். சக்கரம் பூட்டாமல் பார்த்துக்கொள்கிற ஏபிஎஸ், ஆர்6-க்கு வந்ததே 2017 மாடலில்தான். நீங்கள் "பழைய" என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் பெரும்பாலும் ஏபிஎஸ் இல்லாத வண்டியாகத்தான் இருக்கும்.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. ஐரோப்பாவில் 18 வயதில் கிடைக்கிற ஏ2 லைசென்ஸுக்கு 35 கிலோவாட், அதாவது 47 ஹெச்பி சொச்சம்தான் உச்சவரம்பு. 70 கிலோவாட்டுக்கு மேல் உள்ள வண்டியை வாங்கி பவரைக் குறைத்து ஓட்டுவதற்கும் அந்த லைசென்ஸில் இடமில்லை, ஆகவே ஆர்6 அங்கே கணக்கிலேயே வராது. ஆஸ்திரேலியாவிலும் புதியவர்களுக்கு எடைக்குத் தகுந்த பவர் வரம்பு இருக்கிறது. 1981-ல் அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் குழு வெளியிட்ட விபத்து ஆய்வு ஒன்று உண்டு, லாஸ் ஏஞ்சலீஸ் பகுதியில் 900 மோட்டார்சைக்கிள் விபத்துகளை நேரில் போய்ப் பார்த்து எழுதியது. அதில் சிக்கியவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அந்தக் குறிப்பிட்ட வண்டியை ஓட்ட ஆரம்பித்து ஐந்து மாதம்கூட ஆகாதவர்கள். அந்த ஐந்து மாதத்தை எந்த வண்டியில் கழிக்கப்போகிறீர்கள் என்பதுதான் உங்கள் கேள்வியே.

கவாஸாகி நின்ஜா 400, யமஹா ஆர்3, கேடிஎம் ஆர்சி 390, இந்த வரிசையில் பாருங்கள். எல்லாமே 40-லிருந்து 50 ஹெச்பிக்குள், எடை 170 கிலோவை ஒட்டி. நின்ஜாவும் ஆர்3-யும் இரட்டை சிலிண்டர், சீராக இழுக்கும். ஆர்சி 390 ஒற்றை சிலிண்டர், கொஞ்சம் முரடு, உட்காரும் நிலையும் ரேஸ் வண்டி மாதிரி முன்னால் குனிந்தது. தினமும் ஓட்டுவதாக இருந்தால் முதல் இரண்டில் ஒன்றைத்தான் சொல்வேன்.

அலுப்பு விஷயத்துக்கு வருகிறேன். சூப்பர்ஸ்போர்ட் 300 என்று ஒரு உலகச் சாம்பியன்ஷிப் 2017-ல் தொடங்கியது. மேலே சொன்ன மூன்று வண்டிகளும் அதில் ஓடியவை. 2018-ல் ஸ்பெயினின் ஆனா கராஸ்கோ நின்ஜா 400-ல் அதை ஜெயித்தார், தனிநபர் மோட்டார்சைக்கிள் ரோடு ரேஸிங்கில் உலகப் பட்டம் வாங்கிய முதல் பெண். உலகச் சாம்பியனுக்கு அலுக்காத வண்டி உங்கள் நண்பர்களுக்கு ஆறு மாசத்தில் அலுக்கிறதாம், கேட்டுச் சொல்லுங்கள். சின்ன வண்டியில் ஆக்சிலேட்டரைக் கடைசி வரை முறுக்கி, கியர் கியராக மாற்றி, வண்டியிடம் இருக்கிற அத்தனையையும் பிழிந்து எடுக்கலாம். 600-ல் சாலையில் நீங்கள் தொடுவது அதன் கால்வாசியைத்தான்.

என் கதையும் ஒன்று சொல்லிவிடுகிறேன். 21 வயதில் நண்பனின் 600-ஐ இரவல் வாங்கிப் போனேன். வேகத்தில் ஒன்றும் ஆகவில்லை. திரும்பி வரும்போது, அவன் வீட்டு வாசலிலேயே, யூ-டர்ன் போடுகையில் ஹேண்டில் நான் நினைத்த அளவு திரும்பவில்லை, ஸ்போர்ட்ஸ் பைக்கில் எப்போதுமே குறைவாகத்தான் திரும்பும். பதற்றத்தில் முன் பிரேக்கைப் பிடித்தேன். ஹேண்டில் திரும்பியிருக்கும்போது முன் பிரேக் பிடித்தால் வண்டி அந்தப் பக்கமே படுத்துவிடும். நடக்கிற வேகத்தில் விழுந்ததுக்கு ஃபேரிங் (வண்டியை மூடியிருக்கிற பிளாஸ்டிக் உடம்பு) ஒரு பக்கம், கண்ணாடி, லீவர், இண்டிகேட்டர், எல்லாம் போச்சு. அவன் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

கேள்வி: என் உயரம் 155 செ.மீ. ஸ்போர்ட்ஸ் பைக்கில் உட்கார்ந்தால் இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் படவில்லை. வண்டியைத் தாழ்த்திக்கொள்ளலாமா?

அவசரப்படாதீர்கள். சீட் உயரம் ஆர்3-ல் 780 மில்லிமீட்டர், நின்ஜா 400-ல் 785, ஆர்6-ல் 850. ஆனால் அந்த எண் மட்டும் கதையைச் சொல்லாது. சீட்டின் முன்பக்கம் ஒடுங்கி இருந்தால் கால் நேராக இறங்கும், அகலமாக இருந்தால் அதே உயரத்தில் எட்டாது. அதனால் உட்கார்ந்து பார்க்காமல் எதையும் முடிவு செய்யாதீர்கள். இரண்டு பாதமும் தட்டையாகப் பட வேண்டும் என்று சட்டம் ஒன்றுமில்லை. நிறுத்தும்போது இடுப்பைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தி இடது காலை ஊன்றுங்கள், வலது கால் பின் பிரேக்கில் இருக்கட்டும். ஒரு வாரத்தில் பழகிவிடும். அப்படியும் பயமாக இருந்தால் முதலில் கனமான அடிப்பாகம் உள்ள பூட்ஸ், அடுத்து சீட் ஃபோமைக் கொஞ்சம் சீவுவது. சஸ்பென்ஷனைத் தாழ்த்துவது கடைசி வழி. தாழ்த்தினால் வளைவில் சாயும்போது அடிப்பாகம் சீக்கிரம் உரசும், சைடு ஸ்டாண்டும் நீளமாகிப் போய் வண்டி நிமிர்ந்தே நிற்கும், லேசாகத் தட்டினால் மறுபக்கம் விழும்.

கேள்வி: செகண்ட் ஹேண்ட் ஸ்போர்ட்ஸ் பைக் பார்க்கப் போகிறேன். விழுந்த வண்டியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்தக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்தது. முதலில், "நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று போனிலேயே சொல்லிவிடுங்கள். போனதும் எஞ்சின் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். சூடு அடித்தால், காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிற வண்டி என்று சந்தேகப்படலாம்.

பெயிண்ட் பளபளப்பைப் பார்க்காதீர்கள், ஃபேரிங்கை யார் வேண்டுமானாலும் மாற்றலாம். ஓரங்களைப் பாருங்கள்: ஹேண்டில்பார் நுனி, லீவர் நுனி, கால் வைக்கும் பெக்கின் நுனி, சைலன்சரின் வெளிப்பக்கம். விழுகிற வண்டி முதலில் தரையில் தேய்ப்பது இவற்றைத்தான். ஒரு பக்கம் லீவர் புதுசு, மறுபக்கம் பழசு என்றால் ஏன் என்று கேளுங்கள். அப்புறம் குனிந்து, ஹேண்டில் கடைசி வரை திரும்பும்போது ஃப்ரேமில் போய் முட்டி நிற்கிற அந்தச் சின்ன இரும்புத் துண்டைப் பாருங்கள். இரண்டு பக்கமும் இருக்கும். அது நசுங்கியோ உடைந்தோ இருந்தால் வண்டி பலமாக அடிவாங்கியிருக்கிறது, பேரம் பேசாமல் கிளம்பி வந்துவிடுங்கள்.

முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கை நாலைந்து தடவை அழுத்திவிட்டு, பளபளவென்று இருக்கும் குழாயில் விரலால் துடையுங்கள். எண்ணெய் வளையம் ஒட்டினால் சீல் போய்விட்டது. செயின் சுற்றுகிற பின் பல்சக்கரத்தின் (ஸ்பிராக்கெட்) பின்பக்கம் செயினைப் பிடித்து இழுங்கள், பாதிப் பல் தெரிகிற அளவு விலகினால் செயின் செட்டே மாற்ற வேண்டும், அந்தச் செலவை விலையில் கழித்துக்கொள்ளுங்கள். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும்: 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரம் செய்தது. பட்டன் அப்படியே இருந்தாலும் ரப்பர் கெட்டிப்பட்ட டயர் மழையில் காலை வாரிவிடும். கடைசியாக, சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் காகிதத்தில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று நீங்களே படித்துப் பாருங்கள், அவர் வாசித்துக் காட்டுவதை நம்பாதீர்கள்.

கேள்வி: சைலன்சர் மாற்றினால் பவர் கூடுமா?

சத்தம் கூடும்.

கேள்வி: அரை மணி நேரம் ஓட்டினாலே மணிக்கட்டு வலிக்கிறது. வண்டி எனக்குப் பொருந்தவில்லையா?

வண்டியைக் குறை சொல்வதற்கு முன் முழங்காலைக் கவனியுங்கள். உடம்பின் எடையை ஹேண்டிலில் போட்டுத் தொங்குகிறீர்கள் என்று நினைக்கிறேன். டேங்கை இரண்டு தொடையாலும் கவ்விப் பிடித்து, வயிற்றுத் தசையால் உடம்பைத் தாங்கி, முழங்கையை லேசாக மடித்து வையுங்கள். பிடியில் விரல்கள் சும்மா கிடக்க வேண்டும். ஒரு மாதம் இப்படி ஓட்டியும் வலித்தால் ஹேண்டில் உயரமான வண்டி பாருங்கள்.

கேள்வி: என் மகன் 300 சிசி பைக் கேட்கிறான். மறுக்க மனமில்லை. ஹெல்மெட் மட்டும் போதும், மற்றதெல்லாம் வீண் செலவு என்கிறான். நான் எதில் பிடிவாதமாக இருக்கலாம்?

கையுறையில், அம்மா. விழுகிற மனிதர் யாராக இருந்தாலும் முதலில் கையைத்தான் ஊன்றுவார். உள்ளங்கையில் தோல் உரிந்தால் சாப்பிடுவதற்குக்கூட இன்னொருவர் வேண்டும், இதை அவனிடம் அப்படியே சொல்லுங்கள். கணுக்காலை மூடும் பூட்ஸ், முழங்கையிலும் தோளிலும் பாதுகாப்பு அட்டை வைத்த ஜாக்கெட், இதெல்லாம் வண்டியின் விலையோடு சேர்ந்த செலவு. "மொத்தப் பணம் இவ்வளவு, முதலில் இதை வாங்கு, மிச்சத்தில் வண்டி" என்று வரிசையை மாற்றிப் பாருங்கள். ஹெல்மெட்டையும் அவன் சொல்கிறான் என்று விட்டுவிடாதீர்கள். மாட்டி, வாரைப் பூட்டி, பின்பக்கம் கீழ் விளிம்பைப் பிடித்து முன்னால் உருட்டிப் பாருங்கள், கழன்று வந்தால் அளவு தப்பு. கன்னம் லேசாக அமுங்க வேண்டும். ஒரு தடவை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை வெளியே கீறல் இல்லை என்று மறுபடி மாட்ட விடாதீர்கள், உள்ளே இருக்கும் நுரை ஒருமுறை நசுங்கினால் திரும்ப எழாது.

கேள்வி: ஆர்3 எடுத்து இரண்டு வருஷம் ஆகிறது. இப்போதாவது 600-க்குப் போகலாமா?

வருஷக் கணக்கு எனக்கு வேண்டாம். காலி மைதானத்தில் 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து சக்கரம் பூட்டாமல், ஏபிஎஸ் துடிக்காமல், ஒரே சீராகப் பிடித்து நிறுத்த முடிகிறதா? காலை ஊன்றாமல் இரண்டு பக்கமும் யூ-டர்ன் வருகிறதா? வளைவுக்குள் போன பிறகு வேகம் அதிகம் என்று தெரிந்தால் ஆக்சிலேட்டரைச் சட்டென்று மூடாமல், பார்வையை வெளியேறும் பக்கம் வைத்து, இன்னும் கொஞ்சம் சாய்க்கத் தெரிகிறதா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் போங்கள். ஆனால் நாலு சிலிண்டர் 600-க்குத் தாவுவதற்கு முன் நின்ஜா 650, சுஸுகி எஸ்வி650 மாதிரி இரட்டை சிலிண்டர் வண்டி ஒன்றை ஓட்டிப் பாருங்கள், 70 ஹெச்பி பக்கம் இருக்கும், சாலையில் நாம் நிஜமாகவே ஓட்டுகிற ஆர்பிஎம்மிலேயே இழுக்கும். எதுவானாலும், முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் இன்சூரன்ஸ் எவ்வளவு வருகிறது என்று கேட்டுவிடுங்கள்.