வாசகர் கேள்வி – பதில்: எல்லைக்கு வெளியே இரை தேடும் பறவைகள்

கேள்வி: ஒரு கடற்பகுதியைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்த பிறகும் அங்குள்ள கடற்பறவைகள் குறைந்துகொண்டே போவது ஏன்? அறிவிப்பால் பயனே இல்லையா?

பதில்: பயன் உண்டு. ஆனால் பறவை கூடு கட்டும் இடத்தைப் பார்த்து எல்லை வகுப்பவர்கள், அது இரை தேடும் இடத்தைப் பல நேரங்களில் கணக்கில் எடுப்பதில்லை. தென்னாப்பிரிக்காவின் அல்கோவா வளைகுடாவிலுள்ள செயின்ட் குரோய் தீவு, ஒரு காலத்தில் ஆப்பிரிக்கப் பெங்குவின்கள் உலகிலேயே மிக அதிகமாகக் கூடியிருந்த இடம். அத்தீவைச் சுற்றியுள்ள கடல் 2019-இல் பாதுகாக்கப்பட்ட பகுதியாயிற்று. ஆனால் அதே வளைகுடாவில் 2016 முதல் நடுக்கடலில் கப்பலிலிருந்து கப்பலுக்கு எரிபொருள் நிரப்பும் பணி நடந்துவந்தது. நீருக்கடியில் கப்பல் இரைச்சல் பெருகிய அந்த ஆண்டுகளில் பெங்குவின்களின் எண்ணிக்கையும் மளமளவெனச் சரிந்தது.

இரைச்சலைவிடப் பெரிய சிக்கல் பசி என்பேன். இவற்றின் முக்கிய உணவான மத்தியையும் நெத்திலியையும்தான் சுருக்குமடி வலைகளும் அள்ளுகின்றன. குஞ்சு வளர்க்கும் பெங்குவின், பறக்க இயலாத பறவையாதலால், கூட்டை விட்டு வெகுதூரம் போக முடியாது. ஆண்டுக்கொருமுறை சிறகுகள் மொத்தமாக உதிர்ந்து புதிதாக முளைக்கும் சுமார் மூன்று வாரங்களில், உடம்பில் நீர் புகாத போர்வை இல்லாததால், அது கடலில் இறங்காமல் கரையிலேயே பட்டினி கிடக்கிறது. முன்கூட்டியே கொழுப்பைச் சேர்த்துக்கொள்ளாத பறவை அந்த விரதத்தைத் தாண்டுவதில்லை. தீவுகளைச் சுற்றி மீன்பிடிப்பை நிறுத்திப் பார்க்கும் சோதனை 2008-இலேயே தொடங்கியும், எவ்வளவு கடலை மூடுவது என்ற வாதம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. 2024-இல் இந்த இனம் மிக அருகிய இனமாக வகைப்படுத்தப்பட்டது. 2025 மார்ச்சில்தான், மீன்பிடித் தரப்பும் பறவைப் பாதுகாப்புத் தரப்பும் உடன்பட்டதன் பேரில், ஆறு குடியிருப்புகளைச் சுற்றி மத்தி, நெத்திலி பிடிப்பதற்குப் பத்தாண்டுத் தடையை நீதிமன்றம் விதித்தது. எப்போதோ எட்டியிருக்க வேண்டிய உடன்பாடு இது.

கேள்வி: அல்பட்ராஸ் பறவைகள் தூண்டிலில் மாட்டி இறப்பதைத் தடுக்க வழி உண்டா?

பதில்: உண்டு, பெரிய செலவும் இல்லை. ஆயிரங்கால் தூண்டிலை, அதாவது ஏராளமான முட்கள் தொங்கும் நீண்ட கயிற்றை, படகின் பின்புறமாக விடும்போது, இரை கோத்த முட்கள் மூழ்குவதற்குள் பறவை பாய்ந்து கவ்வி, கயிற்றோடு இழுபட்டு நீரில் மூழ்கி இறக்கிறது. கயிற்றில் எடை கட்டி முட்களை விரைவாக மூழ்கடிப்பது, இரவில் தூண்டில் விடுவது, வண்ண நாடாக்கள் தொங்கும் கயிறொன்றைப் படகின் பின்னால் பறக்கவிட்டுப் பறவைகளை விலக்குவது ஆகிய மூன்றையும் சேர்த்துச் செய்தால் இறப்பு பெருமளவு குறைகிறது. தென் அட்லாண்டிக்கிலுள்ள தெற்கு ஜார்ஜியா தீவுக் கடலில் இவற்றோடு இனப்பெருக்கக் காலத்தில் மீன்பிடிப்பையும் நிறுத்தியதால், அங்கே பறவைகள் தூண்டிலில் சிக்குவது ஏறத்தாழ நின்றேவிட்டது. ஆயினும் அத்தீவின் அல்பட்ராஸ்கள் பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து, இவ்விதிகள் கண்டிப்பாகப் பின்பற்றப்படாத கடல்களில் வேறு படகுகளின் தூண்டிலில் மாட்டுகின்றன. பெரிய அல்பட்ராஸ் ஒரு முறைக்கு ஒரே முட்டைதான் இடும், குஞ்சை வெற்றிகரமாக வளர்த்தால் அடுத்த முட்டைக்கு ஈராண்டு ஆகும் என்பதால், இழப்பு எளிதில் ஈடாவதில்லை. 2004-இல் நடைமுறைக்கு வந்த அல்பட்ராஸ் பாதுகாப்புப் பன்னாட்டு உடன்படிக்கை இந்த முறைகளைப் பரிந்துரைக்கிறது. நடுக்கடலில் இரவு நேரத்தில் அவற்றைச் சரிபார்க்கப் படகுகளில் கேமராவோ பார்வையாளரோ இருந்தாக வேண்டும்.