பெட்ஃபோர்டு சதுக்கத்து வீடுகள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: லண்டன் பெட்ஃபோர்டு சதுக்கத்தில் ஒரு பழைய வீட்டில்தான் எங்கள் அலுவலகம். முதல் மாடி ஜன்னல்கள் மட்டும் ஏன் அவ்வளவு உயரம்? மேலே போகப் போகச் சிறுத்துவிடுகின்றனவே?

பதில்: எந்த மாடியில் யார் புழங்கினார்கள் என்பதை அந்த ஜன்னல்களே சொல்லிவிடும். தெருமட்டத்துக்குக் கீழே சமையலறை, தரைத்தளத்தில் சாப்பாட்டு அறை, முதல் மாடியில் விருந்தாளிகளை உட்காரவைக்கும் வரவேற்பறை. உயரமான கூரையும் நிறைய வெளிச்சமும் அங்கேதான். அதற்கு மேல் படுக்கையறைகள், உச்சியில் வேலைக்காரர்கள். சதுக்கத்தைக் கட்டியது 1775-க்கும் 1783-க்கும் இடையில். ஒவ்வொரு பக்கமும் ஒரே மாளிகை போலத் தெரியட்டும் என்று, நடுப்பகுதிக்கு மட்டும் வெள்ளைப் பூச்சும் முக்கோண முகப்பும் கொடுத்தார்கள். எதிர்ப்பக்கத்திலிருந்து ஒருமுறை நின்று பாருங்கள்.

கேள்வி: வாசல் வளைவின் உச்சியில் ஒரு தாடிக்கார முகம் இருக்கிறது. இத்தனை வருஷத்தில் தேயவே இல்லை. என்ன கல்?

பதில்: கல்லே இல்லை, சுட்ட மண். எலினர் கோட் என்ற பெண்மணி 1769 முதல் லண்டன் லாம்பெத்தில் நடத்திய தொழிற்கூடத்தின் சரக்கு. களிமண்ணோடு, ஏற்கெனவே சுட்டுப் பொடித்த மண்ணையும் கண்ணாடித் தூளையும் கலந்து, அச்சில் வார்த்து, நாட்கணக்கில் சூளையில் சுடுவார்கள். அழுக்கு எடுக்கிறேன் என்று மணல் பீய்ச்ச யாரையும் விடாதீர்கள். சுட்ட மேல்தோல் போனால் அப்புறம் எதுவும் மிஞ்சாது.

கேள்வி: செங்கல் வைத்து அடைத்த ஜன்னல்கள் எல்லாம் ஜன்னல் வரிக்குப் பயந்து அடைத்தவைதானே?

பதில்: எல்லாம் அல்ல. வீட்டு ஜன்னல்களை எண்ணிப் போட்ட அந்த வரி 1696 முதல் 1851 வரை இருந்தது உண்மை. ஆனால் முகப்பு சீராகத் தெரிய வேண்டும் என்று முதலிலேயே பொய் ஜன்னல் வைத்துக் கட்டியதும் உண்டு. உள்ளே போய்ப் பாருங்கள்: நேர் பின்னால் புகைபோக்கியோ குறுக்குச் சுவரோ இருந்தால் அங்கே ஜன்னல் இருந்திருக்கவே முடியாது.

கேள்வி: முதல் மாடிப் பெரிய அறையைத் தடுத்து இரண்டு மீட்டிங் ரூம் போடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். கூரையின் சுதை வேலை, ஓரத்துப் பட்டை, கணப்பு, ஜன்னல் இடைவெளி எல்லாம் அந்த ஒரே அறைக்காக அளந்து செய்தவை. நடுவில் சுவர் வந்தால் இரண்டு பக்கமும் அரைகுறையாகிவிடும். முன்னறைக்கும் பின்னறைக்கும் நடுவே பழைய இரட்டைக் கதவு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் சாத்தினாலே இரண்டு அறை கிடைத்துவிடும். இல்லையென்றால் கூரையையும் சுவரையும் தொடாத கண்ணாடிக் கூண்டு, அதையும் அனுமதி கேட்டுத்தான். இவை முதல் தரப் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள வீடுகள், உள்புறமும் அதில் அடக்கம். இப்படிப் பட்டியலிட்ட கட்டடங்களுக்கான 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அனுமதி இல்லாமல் வீட்டின் தன்மையை மாற்றுவது குற்றம்.

கேள்வி: ஃபைல் அலமாரிகளை எங்கே வைப்பது? கம்ப்யூட்டர் கேபிளைத் தரைக்கு அடியில் கொண்டுபோகலாமா?

பதில்: தளம் முழுக்க மரம், குடும்பம் புழங்கப் போட்டது. கம்பளத்தைத் தூக்கிப் பலகையைப் பாருங்கள்; ஆணி வரிசை ஓடும் திசையில்தான் அடியில் உத்தரம் ஓடுகிறது. உத்தரத்தின் முனை எந்தச் சுவரில் உட்கார்ந்திருக்கிறதோ அந்தச் சுவரை ஒட்டி அலமாரியை வையுங்கள். உத்தரத்துக்கு இணையான சுவரோரம் வைத்தால் பாரம் முழுக்க ஒன்றிரண்டு உத்தரத்தில் இறங்கும். அறை நடுவில் வைப்பது இன்னும் மோசம்.

கேபிளுக்காக உத்தரத்தில் வாய் வெட்டுவதுதான் எனக்கு ஆத்திரம் வரும் வேலை. 10 அங்குல உயர உத்தரத்தின் நீளத்தில் நடுவே, மேல்விளிம்பிலிருந்து 2 அங்குல ஆழம் வெட்டினால், அந்த இடத்தில் வலுவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். முன்னால் வந்தவர்கள் வெட்டிய வாய்களும் சேர்ந்திருக்கும். கேபிளைச் சுவரோரம் பெட்டி கட்டிக் கொண்டுபோங்கள், அல்லது உத்தரங்களுக்கு இடையில் இணையாக ஓட்டுங்கள். அலமாரி வாங்கும் முன் ஒரு கட்டமைப்புப் பொறியாளரை அழைத்து, இரண்டு பலகையைக் கழற்றிக் காட்டிவிடுங்கள்.